பழைய துப்பாக்கி சேகரிப்பவருக்கு 30 டாலர் உரிமம்

அமெரிக்காவில் பழைய ராணுவத் துப்பாக்கிகளைச் சேகரிக்கிறீர்கள் என்றால், விலை ஏறிக் கிடக்கும் நேரத்தில் முதல் செலவு சேகரிப்பாளர் உரிமமாக இருக்கட்டும். துப்பாக்கி உரிமங்களைக் கவனிக்கும் அமெரிக்க மத்திய அரசு அமைப்பான ஏ.டி.எஃப். தரும் மூன்றாம் வகை உரிமம் இது. மூன்று ஆண்டுக்கு 30 டாலர்தான்.

வேறு மாநிலத்திலிருந்து துப்பாக்கி வாங்கினால், சாதாரணமாக அது உள்ளூர் வியாபாரி வழியாகத்தான் வர வேண்டும், ஒவ்வொரு முறையும் அவருக்குக் கட்டணம் உண்டு. இந்த உரிமம் இருந்தால் 50 வயது தாண்டிய மோசின் நாகாந்த் (ரஷ்யா), லீ என்ஃபீல்ட் (பிரிட்டன்) போன்ற பழைய ராணுவத் துப்பாக்கிகள் நேராக வீட்டுக்கே வரும். ஒன்றிரண்டு துப்பாக்கியிலேயே போட்ட பணம் திரும்பிவிடும். அதைவிடப் பெரிய லாபம், உள்ளூர்க் கடை காலியாக இருந்தாலும் நாடு முழுக்கத் தேடி வாங்கலாம் என்பது.

புதிய துப்பாக்கிக்கு இது உதவாது. பழையதே ஆனாலும், துப்பாக்கியின் மரக்கட்டையை அறுத்து வேட்டைக்கென மாற்றியிருந்தால் பெரும்பாலும் செல்லாது. அசல் வடிவம் முக்கியம். வாங்கி விற்று லாபம் பார்க்கும் தொழிலுக்கும் இதைப் பயன்படுத்தக் கூடாது. வந்தது, போனது எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதியாக வேண்டும். கலிஃபோர்னியா மாதிரி சில மாநிலங்களில் கூடுதல் விதிகள் உண்டு, முதலில் அவற்றைப் பாருங்கள்.

அப்புறம், சுடவும் ஆசை இருந்தால் அந்த ரகத் தோட்டா கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். தட்டுப்பாட்டில் பழைய ரகத் தோட்டாக்களைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.