சீஸ் சோளன் பிஸ்கட்: காசைக் கரைக்கும் பிழைகள்

சீஸும் சோளன் மாவும் சேர்த்த உப்பு பிஸ்கட்டை வீட்டில் சுட்டு விற்கிற பிள்ளைகள் சிலரை எனக்குத் தெரியும். மட்டக்களப்புக் கல்லடியில் இருக்கிறார்கள், கல்முனையிலும் இருக்கிறார்கள். பிஸ்கட் சரிவராத நாளில் பெட்டியோடு என்னிடம் வருவார்கள். திறந்து பார்த்தால், நான் பழகிய காலத்தில் விட்ட அதே பிழைகள் ஆள் மாறி வந்திருக்கும். ஓவனை முதலே சூடாக்குங்கள், கண்ணளவில் கொட்டாமல் தராசில் நிறுங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. எந்த வீடியோவிலும் அது வரும். காசு போகிற இடங்கள் வேறு.

பேச்சுக்கு ஓர் அளவை வைத்துக்கொள்வோம். கோதுமை மா 120 கிராம், சோளன் மா 60 கிராம், பட்டர் 100 கிராம், துருவிய செடார் சீஸ் 120 கிராம், ஒரு முட்டை மஞ்சட்கரு, கொஞ்சம் மிளகும் இடித்த கொச்சிக்காயும். பிசைந்து, நீளமாக உருட்டி, குளிரவைத்து, அரை சென்ரிமீற்றர் தடிப்பில் வெட்டி, 170 பாகை செல்சியஸில் 15 முதல் 18 நிமிடம். இதில் ஆக விலை கூடியது சீஸ், அடுத்தது பட்டர். ஆகக் குறைந்தது சோளன் மா. எல்லாருடைய கவனமும் இதே வரிசையில்தான் போகிறது. பிழைப்பதும் அதனால்தான்.

பழைய சோளன் மா

சோளன் மணியில் முளை வருகிற அந்தச் சின்னப் பகுதி, மணியின் நிறையில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். ஆனால் மணியிலுள்ள எண்ணெயில் பெரும்பகுதி அதற்குள்ளே இருக்கிறது. மணி முழுதாக இருக்கும்வரை பயமில்லை. அரைத்துவிட்டால் அந்த எண்ணெயில் காற்றும் சூடும் படும், மெல்லக் காறத் தொடங்கும். சுப்பர் மார்க்கட்டில் பைக்கற்றில் வரும் இறக்குமதி மாவில் பெரும்பாலும் முளையை நீக்கியிருப்பார்கள். அதனால் அது மாதக்கணக்கில் நிற்கும். நம்முடைய மில்லில் மணி முளையோடு அரைபடுகிறது. ருசி அதில் கூட, ஆயுள் குறைவு.

பெரும்போகச் சோளன் மாசி, பங்குனியில் வரத் தொடங்கும். மகாஓயா, பதியத்தலாவைப் பக்கத்து மணியும் படுவான்கரை மணியும் கடைக்கு வந்து, விலையும் கொஞ்சம் இறங்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று ஐந்து கிலோ வாங்கி, ஒரேயடியாக அரைத்து, பிளாஸ்டிக் வாளியில் போட்டுக் குசினி மூலையில் வைத்துவிடுவார்கள். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது அந்தக் குசினி எப்படிக் கொதிக்கும் என்று இங்கே இருக்கிற யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஆவணியில் பிஸ்கட்டுக்கு மா அந்த வாளியிலிருந்துதான் போகிறது.

கல்லடிப் பிள்ளை ஒருவருக்கு ஒரு பிறந்தநாள் ஓடர் கிடைத்தது. கொடுத்த அன்றே அந்த வீட்டு மாமி அழைத்து, "என்னகா புள்ள, பிஸ்கட் கைக்கிது?" என்று கேட்டுவிட்டார். பிள்ளைக்கு சீஸில் சந்தேகம். இன்னும் விலை கூடிய சீஸ் வாங்கிச் சுட்டார். கைத்தது. பேக்கிங் பவுடரை மாற்றினார். கைத்தது. பிறகு ஓவன்தான் கருக்குகிறது என்று முடிவெடுத்து, ஆள் பிடித்து அதன் கம்பியையும் மாற்றியிருக்கிறார். கடைசியில் என்னிடம் வந்தபோது, "அக்கா, சீஸ் கடைக்காரர் பழசத்தான் தாறார் போல" என்றார்.

மாவைக் கொண்டுவரச் சொன்னேன்.

"மாவா? அது நல்ல மா அக்கா. அம்மா நிண்டு அரைப்பிச்சது."

ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்துக் கொஞ்ச நேரம் ஊறவிட்டேன். முதலில் ஒன்றும் தெரியாது. விழுங்கிய பிறகு தொண்டையில் ஒரு கைப்பு பிடித்து நிற்கும், பழைய தேங்காயெண்ணெய் போல. அந்த மாவில் அதுதான் இருந்தது. சீஸ், பட்டர், ஓவன் கம்பி எல்லாவற்றிலும் காசு கொட்டியாகிவிட்டது, பழுதானது 60 கிராம் மா.

ஏன் ஒருவருக்கும் அந்தச் சிட்டிகையை வாயில் போட்டுப் பார்க்கத் தோன்றுவதில்லை என்று எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். சீஸை மணந்து பார்க்கிறார்கள், பட்டரின் திகதியைப் பார்க்கிறார்கள், முட்டையைத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கிறார்கள். மா மட்டும் மா. அதற்கு என்ன ஆகப்போகிறது என்ற நினைப்பு.

நாக்கில் நிச்சயமாகத் தெரியவில்லை என்றால், ஒரு கோப்பையில் ஒரு கரண்டி மாவைப் போட்டு, கொதிநீர் ஊற்றி, மூடி இரண்டு நிமிடம் வையுங்கள். திறந்ததும் அவித்த சோளன் மணம் வந்தால் நல்ல மா. பெயின்ற் போலவோ சிக்கெடுத்த எண்ணெய் போலவோ வந்தால் கொட்டிவிடுங்கள். சீனி போட்ட பிஸ்கட் என்றால் ஓரளவு மறைந்துவிடும், இதில் மறைக்க ஒன்றும் இல்லை. போதாததற்கு, சுடச்சுடச் சாப்பிட்டுப் பார்த்தால் சீஸ் மணம் அதை மூடிவிடும். ஆறி, பெட்டியில் போய், அடுத்த வீட்டில் திறக்கும்போதுதான் தெரியவரும். ருசி பார்ப்பதை எப்போதும் ஆறிய பிஸ்கட்டில் பாருங்கள்.

கருகிய கைப்பையும் காறிய கைப்பையும் பிரித்தறியலாம். ஒரு பிஸ்கட்டை உடைத்து, ஓரத்தையும் அடியையும் விட்டு நடுவை மட்டும் சாப்பிடுங்கள். நடு நன்றாக இருந்தால் குற்றம் ஓவனில். நடுவும் கைத்தால் மா. இதைத் தெரிந்திருந்தால் அந்தப் பிள்ளை கம்பி மாற்றியிருக்க மாட்டார்.

"வறுத்தால் சரியாகிவிடும்" என்று ஒரு யோசனை வரும். பிட்டுக்கு அரிசி மா வறுத்துப் பழகிய கை அப்படித்தான் சொல்லும். புதிய மாவை இளஞ்சூட்டில் வறுத்தால் நல்ல வாசம் வரும், அதை நானும் செய்வேன். வறுத்த மா முற்றாக ஆறிய பிறகே பட்டரோடு சேர்க்க வேண்டும். ஆனால் காறிய மாவை வறுத்தால் காறல் போகாது.

அப்புறம் மில். கொச்சிக்காய் அரைத்த கையோடு உங்கள் சோளனைக் கொட்டவிடாதீர்கள். அரிசி அரைபடும் வரை காத்திருந்து, அதற்குப் பின்னால் போடச் சொல்லுங்கள். ரவையை விடக் கொஞ்சம் மென்மையாக வந்தால் போதும், வீட்டில் அரித்து எடுக்கலாம். கப்பி நின்றால் பல்லில் நறநறக்கும். இந்த பிஸ்கட்டில் தண்ணீர் குறைவு என்பதால் பெரிய துணிக்கை ஊறி மெதுவாக வழியில்லை. மில்லிலிருந்து வரும் மா சூடாக இருக்கும். அப்படியே பையைக் கட்டினால் உள்ளே வியர்க்கும். வீட்டுக்கு வந்ததும் சுளகிலோ கடதாசியிலோ பரப்பி ஆறவிட்டு, சின்னச் சின்னப் பைக்கற்றாகக் கட்டி, திகதி எழுதி பிரிட்ஜின் உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். ஒரு கிலோவை மில்காரர் எடுக்கமாட்டார் என்றால் அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் சேர்ந்து அரைத்துப் பிரித்துக்கொள்ளலாம். மணியாக வாங்கி வைத்து, தேவைக்கு அரைப்பது அதைவிட நல்லது.

வாங்கும்போது மணியையும் பாருங்கள். பச்சையாகவோ கறுப்பாகவோ பூஞ்சணம் பிடித்த மணி வேண்டவே வேண்டாம். பூஞ்சணம் விடும் அஃப்ளாரொக்சின் என்ற நஞ்சு ஓவன் சூட்டுக்கு அழியாது.

திரிபோஷா

சோளன் மாவுக்குப் பதிலாக இந்தச் சத்துமாவைப் போடலாமா என்று கேட்பார்கள். அது கர்ப்பிணித் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் கொடுப்பது. அதை விட்டுவிடுங்கள்.

முக்கோணச் சீஸ்

தாளில் சுற்றி வரும் மெதுவான சீஸும், பாணுக்கு வைக்கும் துண்டுச் சீஸும் உருக்கிப் பதப்படுத்தியவை. தண்ணீரும் கொழுப்பும் பிரியாமல் பிடித்து வைக்க அவற்றில் உப்பு வகைகள் சேர்க்கிறார்கள். பாணில் பூச அது வசதி. பிஸ்கட்டில் அந்த ஈரம் போக மறுக்கும், எவ்வளவு சுட்டாலும் நடு இழுபடும். கட்டியாக வரும் செடாரை வாங்கி, சுடுகிற அன்றே மெல்லியதாகத் துருவுங்கள். குறைவாகப் போட்டாலும் முற்றிய செடாராக இருந்தால் ருசி நிற்கும்.

எருமைத் தயிரைத் துணியில் வடித்துச் சீஸுக்குப் பதிலாகப் போடலாமா என்று கேட்கிறவர்களும் உண்டு. மட்டக்களப்புத் தயிரில் நமக்குள்ள பற்று விளங்குகிறது. வடித்தாலும் அதில் ஈரம் கூட. பாணியோடு சாப்பிடுங்கள்.

உப்பு

சீஸில் இருக்கிறது. உப்புப் பட்டர் என்றால் அதிலும் இருக்கிறது. போடாதீர்கள்.

நிறத்தை நம்புவது

சோளன் மா மஞ்சள், செடாரும் மஞ்சள். பொன்னிறமாக வரும்வரை சுடுங்கள் என்று எழுதியிருப்பதை வைத்துக்கொண்டு மேலே பார்த்தால் ஒன்றும் விளங்காது. ஒன்றைத் தூக்கி அடியைப் பாருங்கள். ஓரம் மெல்லச் சிவந்து, நடு இன்னும் வெளிறி இருந்தால் எடுத்துவிடலாம். சீஸ் சட்டென்று கருகும், 180 பாகைக்கு மேலே போனால் காவலுக்கு நிற்க வேண்டிவரும். மேசையில் வைக்கும் சின்ன ஓவன்களில் முள் காட்டுவது ஒன்று, உள்ளே இருப்பது இன்னொன்று. ஓவனுக்குள் வைக்கிற வெப்பமானி ஒன்று வாங்குங்கள், ஒரு கட்டி செடாரை விட மலிவு.

மஞ்சள் தூள் போட்டு நிறம் ஏற்றுவது: வேண்டாம். இது பருப்புக் கறி இல்லை.

இளகிய மா

நம் ஊர்ச் சூட்டில் பட்டர் கையிலேயே உருகும். உருட்டிய மாவை ஒரு மணித்தியாலமாவது பிரிட்ஜில் வையுங்கள், ஓர் இரவு கிடந்தால் சோளன் துணிக்கைகளும் ஊறிக்கொள்ளும். வெட்டி அடுக்கிய தட்டையும் ஓவனுக்குப் போகுமுன் பத்து நிமிடம் குளிரவிடுங்கள். இல்லையென்றால் பிஸ்கட் பரந்து ஒன்றோடொன்று ஒட்டும், சீஸ் எண்ணெய் தாளில் நிற்கும்.

கச்சானும் வாடையும்

கச்சான் காலத்தில் மா இளகிப் பாடுபடுத்தும், சுட்ட பிஸ்கட் நன்றாக மொறுமொறுத்து நிற்கும். வாடைக் காற்று தொடங்கி மாரி மழை பிடித்தால் நேர்மாறு. மா சொன்னபடி கேட்கும், பிஸ்கட் மாலைக்குள் நமத்துவிடும். அந்த மாதங்களில் கொஞ்சம் மெல்லியதாக வெட்டி இரண்டு நிமிடம் கூடச் சுடுங்கள். கம்பித் தட்டில் முற்றாக ஆறவிட்டு உடனே டின்னில் அடைத்துவிடுங்கள். சூட்டோடு மூடினாலும் பிழை, ஆறிய பின் திறந்து வைத்தாலும் பிழை. நமத்ததை 140 பாகையில் எட்டு, பத்து நிமிடம் வைத்தால் திரும்ப மொறுமொறுக்கும்.

பேக்கிங் பவுடர்

இந்த அளவுக்குக் கால் தேக்கரண்டி. போட மறந்துவிட்டால் பதறத் தேவையில்லை, இல்லாமலும் வரும்.