வாசலில் தேங்கும் கழிவுநீருக்கு ஓர் உறிஞ்சுகுழி

சாக்கடை வசதி எட்டாத தெருக்களில் குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் வாசலிலேயே தேங்குகின்றன. முட்டை கொசுவாகிப் பறக்க ஏழெட்டு நாள் போதும். இரண்டு பேர் சேர்ந்து தோண்டும் ஒரு குழி இந்த நீரை மண்ணுக்குள் இறக்கிவிடும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கழிவறைக் குழாயை இதில் ஒருபோதும் இணைக்காதீர்கள். மலக்கிருமிகள் குடிநீருக்கே போய்ச் சேரும்.

படி 1: இடம்
கிணற்றிலிருந்து குறைந்தது 15 மீட்டராவது தள்ளியிருக்கட்டும். சுவர் அருகிலும் வேண்டாம். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறி நிற்கும்போதும், அதற்கும் குழியின் அடிக்கும் இடையே 2 மீட்டர் மண் வேண்டும். அந்த மண்தான் வடிகட்டி.

படி 2: மண் சோதனை
30 செ.மீ. ஆழத்தில் சிறு குழி தோண்டி, நீர் ஊற்றி ஊறவிடுங்கள். வற்றியதும் மீண்டும் நிரப்பி, ஒரு குச்சியை நட்டு நீர்மட்டத்தைக் குறியுங்கள். ஒரு மணி நேரத்தில் 2.5 செ.மீ. கூட இறங்காவிட்டால் அது களிமண். அங்கே உறிஞ்சுகுழி தோற்றுவிடும். நீரை வாழை, கல்வாழைப் பாத்திக்குத் திருப்புங்கள்.

படி 3: குழி
நீளம், அகலம், ஆழம் தலா 1 மீட்டர். அடியில் பெரிய கற்கள், நடுவில் நடுத்தரம், மேலே ஜல்லி. கற்கள் போக 300 முதல் 400 லிட்டர் நீருக்கே இடமிருக்கும். பெரிய குடும்பமென்றால் அகலமாகத் தோண்டுங்கள். வேலை முடியாத இரவுகளில் குழியைப் பலகையால் மூடுங்கள், குழந்தைகள் நடமாடும் இடம்.

படி 4: வடிதொட்டி
பலரும் விட்டுவிடுவது இதைத்தான். குழிகள் கெடுவதும் பெரும்பாலும் இது இல்லாததால்தான். சோற்றுப்பருக்கை, எண்ணெய்ப் பிசுக்கு, சோப்பு நுரை எல்லாம் கற்களிடையே படிந்து, மண்ணின் துளைகளை அடைத்துவிடும். குழிக்கு முன்னால் மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் வாளியைப் புதையுங்கள். நீர் உள்ளே வரும் குழாய் மேலே. வெளியேறும் குழாய் அதைவிட நாலு விரல் கீழே. வெளியேறும் குழாயின் உட்பக்க முனையில் ஒரு பெண்டு (வளைந்த குழாய்த் துண்டு) மாட்டி, அதன் வாய் நீருக்குள் மூழ்கும்படி கீழ்நோக்கித் திருப்புங்கள். பிசுக்கு மேலே மிதந்து நிற்கும், கசடு அடியில் தங்கும், நடுவிலுள்ள நீர் மட்டும் குழிக்குப் போகும். குழாய்க்குக் குழியை நோக்கி லேசான வாட்டம் கொடுங்கள்.

படி 5: மூடுதல்
ஜல்லிமேல் கெட்டியான பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு மண் தள்ளுங்கள். சிறு இடுக்கு இருந்தாலும் கொசு நுழைந்துவிடும்.

வாரம் ஒருமுறை வாளியைச் சுத்தம் செய்யுங்கள். என்றாவது நீர் இறங்காமல் எதிர்த்து வந்தால், கற்களை எடுத்துக் கழுவிக் காயவைத்து, குழியின் பக்கங்களைச் சுரண்டிவிட்டு மறுபடி அடுக்குங்கள்.