ஞானஸ்நானம் முடிந்தது, திங்கட்கிழமை கடையைத் திறக்கணும்

ஞானஸ்நானம் எடுத்த மறுநாள் காலையில் நான் முதலில் கையில் எடுத்தது தராசு. வேலூர் சத்துவாச்சாரியில் எனக்குச் சின்னதாக ஒரு காய்கறிக் கடை. தட்டின் அடியில் ஒரு புளி உருண்டை ஒட்டியிருக்கும், கிலோவுக்கு 40, 50 கிராமை அது பார்த்துக்கொள்ளும். காய்ந்து கல்லாகிப் போயிருந்தது, ஆணியால் நோண்டித்தான் எடுத்தேன்.

புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள் 'இனிமேல் எப்படி இருக்கணும்?' என்று கேட்கிறார்கள். சபையில் எப்படி இருப்பது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், உங்களைப் பழைய ஆளாகத் தெரிந்தவர்களிடமிருந்து தொடங்குங்கள்.

பைபிளில் பவுல் கொலோசெ சபையாருக்கு எழுதின நிருபத்தின், அதாவது கடிதத்தின், 3ஆம் அதிகாரத்தை ஒரு வாரம் தினமும் காலையில் வாசியுங்கள். களைந்துபோடுங்கள், தரித்துக்கொள்ளுங்கள் என்று சட்டை மாற்றுவதுபோல எழுதுகிறார். ஆனால் நல்லவனானால்தான் தேவன் ஏற்றுக்கொள்வார் என்று அங்கே இல்லை; நீங்கள் தெரிந்துகொள்ளப்பட்டவர்கள், பிரியமானவர்கள் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் இரக்கத்தையும் பொறுமையையும் தரித்துக்கொள்ளச் சொல்கிறார். இது மனதில் இறங்காவிட்டால், ஒரு நாள் கோபத்தில் கத்தியதும் 'நான் இரட்சிக்கப்படவே இல்லையோ' என்று உடைந்துபோவீர்கள். நான் உடைந்திருக்கிறேன். சறுக்கினால் அன்றைக்கே மன்னிப்புக் கேளுங்கள், ஆண்டவரிடமும், உங்களிடம் திட்டு வாங்கியவரிடமும்.

ஏமாற்றியதைத் திருப்பிக் கொடுக்கணும். பைபிளில் வரும் வரி வசூலிக்கிற சகேயு, ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காக, தருகிறேன் என்றான். எனக்கோ யாரிடம் எவ்வளவு எடுத்தேன் என்ற கணக்கே இல்லை, அதனால் வழக்கமாக வருகிறவர்களுக்கு எடை முடிந்ததும் ஒரு கைப்பிடி கூடப் போட்டேன். ஒரு அம்மா, "என்னப்பா, கை தாராளமா இருக்கு?" என்றார்கள். புளி விஷயத்தைச் சொல்லிவிட்டேன். முகம் மாறிவிட்டது. இரண்டு வாரம் கடைப்பக்கம் வரவில்லை, அப்புறம் வந்தார்கள், தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டே வாங்கினார்கள். பார்க்கட்டும், அது அவர்கள் உரிமை.

வீட்டில்தான் நிஜமான கஷ்டம். ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது வீட்டில் ஒருவர் மட்டும் விலகி நின்றால் எல்லோருக்கும் வலிக்கும். படைத்ததைச் சாப்பிட மாட்டேன் என்பதை அன்றைக்கு நாலு பேர் முன்னால் சொல்லாதீர்கள், ஒரு வாரம் முன்பே அம்மாவிடம் தனியாக உட்கார்ந்து சொல்லுங்கள். அவர்கள் கும்பிடும் தெய்வத்தைப் பற்றி ஒரு வார்த்தை இழிவாகப் பேசக்கூடாது. குடம் தூக்குங்கள், அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், தங்கை கல்யாணத்துக்குத் தர வேண்டிய பணத்தை முன்னைவிட ஒழுங்காகக் கொடுங்கள். பேர் மாற்றணுமா என்றால், கட்டாயமே இல்லை, அம்மா வைத்த பேரே இருக்கட்டும்.

சாதி விஷயத்தை மட்டும் நான் மென்மையாகச் சொல்ல மாட்டேன். கொலோசெயரின் அதே 3ஆம் அதிகாரத்தின் 11ஆம் வசனம் கிரேக்கன் யூதன், அடிமை சுயாதீனன் என்ற பேதமே இல்லை என்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரே திருவிருந்தில் பங்கெடுத்துவிட்டு, திங்கட்கிழமை காலனியில் இருக்கும் சகோதரர் வீட்டில் தண்ணீர் குடிக்கத் தயங்கினால் பழைய சட்டை இன்னும் உங்கள் உடம்பில்தான் இருக்கிறது. போய்ச் சாப்பிடுங்கள். அவர்களை உங்கள் வீட்டு அடுப்படிவரை கூப்பிடுங்கள். பிள்ளைகளுக்கு வரன் பார்க்கும்போது 'என்ன ஆளுங்க?' என்று விசாரிப்பதை நிறுத்துங்கள்.

ஊழியம் செய்யணும் என்று துடிப்பவர்களுக்கு மேடையே வேண்டாம். டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்த எங்கள் ஊர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு இன்றைக்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ரயில் ஏறி வருகிறார்கள். காட்பாடி ஸ்டேஷனில் இறங்கி, ஸ்கேன் கவரை மார்போடு அணைத்துக்கொண்டு, யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் நிற்பார்கள். சரியான பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள், முடிந்தால் வாசல்வரை கூடப் போங்கள். பாஷை தெரியாவிட்டாலும் பரவாயில்லை. வியாழக்கிழமைகளில் என் கடை ஒரு மணி நேரம் தாமதமாகத் திறப்பது இதற்காகத்தான்.