டைமருக்கு பதிலா ஒரு நீள ப்ராக் ராக் பாட்டு

பாத்திரம் தேய்க்க, அயர்ன் பண்ண, அலமாரி ஒதுங்க வைக்கன்னு எந்த வேலையா இருந்தாலும் ஃபோன்ல டைமர் வைக்காம ஒரு நீளமான ப்ராக் பாட்டை (ப்ராக்ரெசிவ் ராக், ஒரே பாட்டு பல பகுதியா நீளமா போற ராக் வகை) போட்டு விடுங்க, பாட்டு முடியறப்ப வேலையும் முடியணும், அவ்ளோதான்.

யெஸ்ங்கிற பேண்டோட 'க்ளோஸ் டு தி எட்ஜ்' (1972) 18 நிமிஷத்துக்கு கொஞ்சம் மேல, பிங்க் ஃப்ளாய்டோட 'எக்கோஸ்' (1971) 23 நிமிஷத்துக்கு மேல. எனக்கு பிடிச்சது யெஸ்தான், அதுல பாட்டு அடங்கி அந்த பெரிய சர்ச் ஆர்கன் முழங்குறப்ப கிட்டத்தட்ட 12 நிமிஷம் ஓடிடுச்சுன்னு அர்த்தம், மணி பாக்கவே வேண்டாம். இந்த பாட்டெல்லாம் பகுதி பகுதியா மாறிட்டே போறதால ரெண்டு மூணு தடவை கேட்டாலே எங்க இருக்கோம்னு காது சொல்லிடும், ஒவ்வொரு பாட்டுக்கும் ஃபோனை எடுத்து அப்படியே வேற எதையோ பாத்துட்டு உக்கார்றதும் நின்னுடும்.

லைவ் வெர்ஷனுக்கு இது ஒத்து வராது, நீளம் மாறும். நடுவுல விளம்பரம் வந்தாலும் கணக்கு போச்சு. கேக் மாதிரி நிமிஷ சுத்தமா பாக்க வேண்டியதுக்கு டைமரே வைங்க, குக்கர் அடுப்புல இருந்தா ஹெட்ஃபோன் போடாதீங்க, விசில் கேக்காது.