கால் இடிக்காத மாடிப்படி: அளவெடுப்பதிலிருந்து கல் ஒட்டுவது வரை

எங்கள் வீட்டு மாடிக்கு யார் புதிதாக ஏறினாலும் அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுப்பார்: "கடைசிப் படி ஒசரம், பாத்து!" வீடு கட்டி 11 வருடமாகிறது. அந்த ஒரு படி மட்டும் மற்றவற்றைவிட ஒன்றரை அங்குலம் கூட. முதல் படி அதே ஒன்றரை அங்குலம் குறைச்சல். ஏறும்போது கட்டைவிரல் இடிக்கும், இறங்கும்போது தரை முந்திக்கொண்டு வரும்.

காரைக்குடிப் பக்கம் வீடு கட்டுகிற நாம் முகப்புக்கும் தூணுக்கும் மாதக்கணக்கில் யோசிப்போம். மாடிப்படி என்றால் "மூலையில எங்கயாச்சும் போட்டுக்கலாம்". பூர்வீக வீட்டிலும் இதே கதைதான். வாசலில் அகலமான கருங்கல் படி. மாடிக்கோ மூலையில் ஒடுக்கமான மரப்படி, ஏணிக்கு அக்கா முறை. அப்பத்தா இறங்கும்போது முகத்தைப் படிப் பக்கம் திருப்பிக்கொண்டு, ஏணியில் இறங்குகிற மாதிரிதான் இறங்குவார்.

புது வீட்டில் அந்தக் கஷ்டம் தேவையில்லை. ஒரு டேப்பும் கால்குலேட்டரும் போதும். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையிலான ஏற்றத்தைக் கொத்தனார்கள் ரைசர் என்பார்கள், கால் வைக்கிற பரப்பின் ஆழத்தை ட்ரெட் என்பார்கள். இங்கே உயரம், மிதி என்றே எழுதுகிறேன்.

படி 1: மொத்த உயரத்தை எடுங்கள்

கீழ்த்தளத்தில் டைல்ஸ் ஒட்டி முடித்த மட்டத்திலிருந்து மேல்தளத்தில் டைல்ஸ் ஒட்டி முடித்த மட்டம் வரை. கூரை உயரம் வேறு, இது வேறு. கான்கிரீட் பலகையின் கனமும் தரை வேலையும் இதில் சேரும். உதாரணத்துக்கு 10 அடி 6 அங்குலம், அதாவது 126 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம்.

படி 2: எத்தனை படி?

வீட்டுப் படிக்கு ஆறிலிருந்து ஏழு அங்குல உயரம் சுகம். தேசியக் கட்டட விதித்தொகுப்பு குடியிருப்புக்கு 19 செ.மீ. வரை, அதாவது ஏழரை அங்குலம் வரை விடுகிறது. அது எல்லைதான். முழங்கால் வலிக்காரர் ஒருவர் வீட்டில் இருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

126-ஐ 18-ஆல் வகுத்தால் 7 அங்குலம். 19-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 6⅝. நான் 19-ஐத்தான் எடுப்பேன். லாபம், நட்டம், லாபம் என்று எண்ணி லாபத்தில் முடிக்கச் சொல்லும் பெரியவர்களுக்கும் ஒற்றைப்படை சரி. (மேல்தளத்தையும் ஒரு படியாக எண்ணுவதா கூடாதா என்று இருவர் சண்டை பிடிப்பார்கள். நம் கணக்கில் எண்ண வேண்டும். காலைத் தூக்கி வைக்கிற தடவை எத்தனையோ அத்தனை உயரம்.)

படி 3: மிதி எவ்வளவு?

17-ஆம் நூற்றாண்டில் ஃபிரான்சுவா ப்ளோந்தெல் என்ற பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் சொன்ன கணக்கு இன்றும் ஓடுகிறது: இரண்டு உயரம், ஒரு மிதி, கூட்டினால் ஒரு நடை. சமதரையில் ஒரு எட்டு சுமார் 24 அங்குலம்; காலை ஓர் அங்குலம் மேலே தூக்குவது இரண்டு அங்குலம் முன்னே நடப்பதற்குச் சமம் என்பது அதன் உள்ளர்த்தம். இன்று 24-லிருந்து 25 அங்குலத்துக்குள் வைப்பது வழக்கம்.

நம் உதாரணத்தில் இரண்டு உயரம் 13¼. மிதி 11 என்றால் கூட்டுத்தொகை 24¼. சரியாக உட்கார்ந்துவிட்டது.

கணக்கை மட்டும் நம்பவும் கூடாது. உயரம் 8, மிதி 8 என்றாலும் 24 வரும். பாதத்தில் ஒரு பகுதி அந்தரத்தில் நிற்கும். முதலில் உயரத்தை முடிவு செய்துவிட்டு, அதற்கு மிதியைத் தேடுங்கள். மிதி 10 அங்குலத்துக்குக் கீழே போக வேண்டாம். அளப்பது முனைக்கு முனை. மேல் படியின் மூக்கு, அதாவது முன்னே நீட்டியிருக்கும் விளிம்பு, மறைக்கிற அளவு கணக்கில் வராது.

சந்தேகமிருந்தால் தளத்தில் கிடக்கிற செங்கல்லை மூன்று படியாக அடுக்கி, வீட்டில் வயதானவரை ஏற்றி இறக்கிப் பாருங்கள். இறங்குவதைக் கவனியுங்கள். பாதத்தைப் பக்கவாட்டில் திருப்பினால் மிதி போதவில்லை.

படி 4: இடம் போதுமா?

நடுவில் திரும்பும் படியென்றால் 19-ஐ 10, 9 என்று பிரிக்கலாம். கீழ்ப்பகுதியில் 10 உயரத்துக்கு 9 மிதிதான். பத்தாவது மிதி, திரும்புகிற இடத்துத் தளமான லேண்டிங்கே. 9 தடவை 11 அங்குலம், 8 அடி 3 அங்குலம். லேண்டிங் மூன்றரை அடி. ஆக நீளம் 11 அடி 9 அங்குலம். படி அகலம் மூன்றரை அடி வீதம் இரண்டு பக்கமும், நடுவே நான்கு அங்குல இடைவெளியும் சேர்த்தால் 7 அடி 4 அங்குலம். ஏறத் தொடங்கும் இடத்தில் நிற்க மூன்றடி தனியாக விடுங்கள்.

இடம் போதாதென்று லேண்டிங்கை முக்கோணப் படிகளாக வெட்டச் சொல்வார்கள். உள்பக்கம் மிதியே இருக்காது. இருட்டில் கால் அங்கேதான் போகும். வேண்டாம்.

லேண்டிங்கின் மேல்பரப்பு ஐந்தரை அடி உயரத்தில் வருகிறது. அதற்குக் கீழே கழிவறை என்று வரைபடத்தில் அழகாகப் போட்டுவிடுவார்கள். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. படியில் ஏறுகிறவருக்கு மிதியிலிருந்து மேலே இடிக்கிற இடம் வரை எங்கும் ஏழடி இருக்கட்டும்.

படி 5: சென்ட்ரிங் (கான்கிரீட் ஊற்றுவதற்கான பலகை அச்சு) அடிக்கும் முன்

எங்கள் வீட்டுத் தவறு நடந்த இடம் இது. கொத்தனார் கான்கிரீட்டில் எல்லாப் படியையும் ஒரே அளவாகத்தான் போட்டார். பிறகு தளங்களில் கலவையும் டைல்ஸும் சேர்ந்து 3 அங்குலம் ஏறியது. படியில் கல்லும் கலவையும் ஒன்றரைதான். கீழே தரை எழும்பி முதல் படியை விழுங்கியது. மேலே தளம் எழும்பிக் கடைசிப் படியை உயர்த்தியது. நடுப் படிகள் எல்லாம் அச்சு மாறாமல் இருந்ததுதான் வினை. நாலு படி ஏறியதும் கால் அளவைப் பழகிக்கொள்ளும், பிறகு கண் பார்ப்பதில்லை.

ஆகவே கான்கிரீட்டில் வேண்டுமென்றே அளவை மாற்றிப் போட வேண்டும். இதே கனங்கள் என்றால் முதல் படி 8⅛, நடுவில் எல்லாம் 6⅝, கடைசி 5⅛. கல் ஒட்டியதும் அத்தனையும் 6⅝-க்கு வந்துவிடும். இதற்காகத்தான் டைல்ஸையும் கல்லையும் முன்கூட்டியே தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன்.

கல் ஒட்டி முடித்த மட்டங்களைச் சுவரில் குறிக்கும்போது ஒவ்வொரு படியாக 6⅝, 6⅝ என்று ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். தடவைக்கு நூலளவு பிசகினாலும் 19 தடவையில் சேர்ந்துவிடும். கீழே டைல்ஸ் வரப்போகும் மட்டத்தில் டேப்பை ஒரே இடத்தில் பிடித்து, மில்லிமீட்டரில் 168, 337, 505 என்று கூட்டுத்தொகையாகக் குறியுங்கள்.

படி 6: மேலே என்ன ஒட்டுவது?

ஆத்தங்குடிக் கல்லைப் படியில் பதிக்க எல்லோருக்கும் ஆசை. அது சுடாத சிமெண்ட் கல்; மிதியின் விளிம்பில் வைத்தால் முனை உதிரும். எண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தால் வழுக்கவும் செய்யும். நிற்கிற முகத்தில் ஒட்டுங்கள், ஏறும்போது கண்ணுக்கு நேராகத் தெரியும். மிதிக்கு லெதர் ஃபினிஷ், அதாவது தோல் போலச் சொரசொரப்பான, கிரானைட். பளபளப்பான கல்தான் என்றால் முனையோரம் இரண்டு மூன்று பள்ளக் கோடு இழுக்கச் சொல்லுங்கள்.

கைப்பிடி மூன்றடி உயரம். கம்பிகளுக்கிடையே நான்கு அங்குலத்துக்கு மேல் சந்து வேண்டாம், குழந்தை தலை நுழையும். விளக்கு சுவிட்ச் மேலும் கீழும்.

படி 7: கான்கிரீட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம்

டேப்போடு நீங்களே போங்கள். ஒவ்வொரு பலகையின் உயரத்தையும் சுவர்க் குறியோடு ஒத்துப் பாருங்கள். குறி கல் ஒட்டிய மட்டம்; பலகை அதற்குக் கீழே, படியில் வரும் கல்லும் கலவையும் சேர்ந்த கனத்தின் அளவு தாழ்ந்திருக்க வேண்டும். கால் அங்குலம் பிசகினாலும் பலகையைக் கழற்றி மாட்டச் சொல்லுங்கள். "பூச்சுல சரி பண்ணிக்கலாம்ண்ணே" என்பார்கள். எங்கள் வீட்டிலும் அதே வார்த்தையைத்தான் சொன்னார்கள்.