சினிமா விமர்சனத்த வச்சு சைக்காலஜி க்ளாஸ் எடுக்கறது எப்படி? (கஜினிய வச்சு நான் பண்ணது)

மெமரி சாப்டர் நடத்துனாலே பசங்க தூங்குறாங்கன்னு போன வருஷம் கஜினி போட்டுக் காட்டினேன், சூர்யா வந்ததும் விசில் பறந்துச்சு, பாடம்தான் ஏறல. படத்த விட அத பத்தி எழுதுன விமர்சனம் நல்லா வேலை செய்யும்னு அப்புறம்தான் பிடிபட்டுச்சு.

1. தப்பு இருக்கற விமர்சனமா தேடுங்க. ஹீரோவுக்கு 'ஷார்ட் டெர்ம் மெமரி லாஸ்'னு எழுதுனது ஈசியா மாட்டும் (ஏன் தப்புன்னு 4ல வருது), அதுல ஒரே ஒரு பாரா போதும். யூடியூப் விமர்சனம்னா நீங்களே கேட்டு டைப் பண்ணிடுங்க.

2. பச்சை குத்துனது, போட்டோ இதெல்லாம் வச்சு ஹீரோ சமாளிக்கிற சீன் 5 நிமிஷம் வெட்டிக்குங்க. விஎல்சி ப்ளேயர்லயே வெட்டலாம்.

3. இங்கதான் நான் சறுக்கினேன். விமர்சனத்த மொதல்லயே குடுத்துட்டேன், 40 பேரும் அதையே திருப்பி எழுதி குடுத்தாங்க, சீன்ல என்ன பாத்தீங்கன்னு கேட்டாலும் விமர்சகர் சொன்னதுதான் வருது. அதனால மொதல்ல சீன், அப்புறம் அவங்களே நாலு வரி எழுதணும், அத கையில வாங்கி வச்சிட்டு (வாங்கலன்னா அடிச்சு திருத்திடுவாங்க, அனுபவம்) அப்புறமா விமர்சனத்த குடுங்க. பேப்பர்ல பிரிண்ட் போட்டுதான், ப்ரொஜெக்டர்ல காட்டுனா யாரும் அடிக்கோடு போட மாட்டாங்க.

4. இப்ப ஒரே கேள்வி: ஷார்ட் டெர்ம் மெமரி நிஜமாவே போயிருந்தா அவனால பேச ஆரம்பிச்ச வாக்கியத்த முடிக்க முடியுமா? கொஞ்ச நேரம் அமைதி, அப்புறம் கச்சேரி ஆரம்பிச்சிரும். ஷார்ட் டெர்ம் மெமரிங்கறது செகண்ட் கணக்குல நிக்கற மெமரி, மனசுக்குள்ள சொல்லிப் பாக்க விடாம தடுத்தா 18 செகண்ட்லயே பெரும்பாலும் காலின்னு பீட்டர்சன்ங்கற சைக்காலஜிஸ்ட் தம்பதி 1959லயே காட்டிட்டாங்க. அவனுக்கு அது நல்லாத்தான் இருக்கு, புதுசா நடக்கறது நீண்டகால நினைவா பதியலங்கறதுதான் பிரச்சனை.

5. உடனே எச்.எம். (மெமரி ஆராய்ச்சில ரொம்ப பிரபலமான நோயாளி) கதைக்கு போயிருங்க. 1953ல வலிப்புக்காக ஆபரேஷன், ரெண்டு பக்கமும் ஹிப்போகேம்பஸ்ல (மூளைல புது நினைவ பதிய வைக்க உதவுற பகுதி) பெரும்பகுதி போச்சு. நம்பர் சொன்னா திருப்பி சொல்லுவார், கவனம் வேற பக்கம் போனா மறந்துரும், படத்துல வர்ற மாதிரி அலாரம் வச்ச 15 நிமிஷம்லாம் இல்ல. ஆனா கண்ணாடிய பாத்து நட்சத்திரம் வரையறதுல நாளுக்கு நாள் தேறிட்டே வந்தார், முந்தின நாள் வரைஞ்சதே ஞாபகம் இல்லாம! சீன்ல இந்த மாதிரி கைப்பழக்கம் எங்க தெரியுதுன்னு தேட சொல்லுங்க.

அப்டேட்: கமெண்ட்ல ஒரு டீச்சர் சொன்னாங்க, அவங்க ஹீரோயின் கல்பனா கொலை சீன போட்டுட்டாங்களாம், ஒரு பொண்ணு அழுதுட்டே வெளிய போயிருச்சாம். அந்த சீன் வேண்டவே வேண்டாம், இந்த பாடத்துக்கு தேவையும் இல்ல. இன்னொருத்தர் அந்நியன வச்சு இதே மாதிரி பண்ணலாமான்னு கேட்டிருந்தார், தாராளமா பண்ணலாம், ஆனா 'ஸ்ப்ளிட் பர்சனாலிட்டி'யையும் ஸ்கிசோஃப்ரீனியாவையும் (ரெண்டும் வேற வேற) ஒண்ணாக்கி எழுதுன விமர்சனமா பாத்து எடுங்க சார், க்ளாஸ் களைகட்டும்.