தலைப்பிரசவத்திற்கு வரும் பெண்ணின் இரத்த அழுத்தத்தைக் கவனிப்பது எப்படி

காரைக்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்குத் தலைப்பிரசவத்திற்காகத் தாய்வீடு வரும் பெண்ணிடம், பயிற்சியிலுள்ள செவிலியர் முதலில் கேட்டு வாங்க வேண்டியது புகுந்த ஊரில் எழுதப்பட்ட தாய் சேய் நல அட்டையைத்தான். முந்தைய அளவு தெரியாமல் இன்றைய அளவை எடைபோடுவது கடினம்.

அவரை 5 நிமிடம் சாய்ந்து உட்காரவைத்து, கையை இதய மட்டத்தில் தாங்கி, புஜத்தின் பருமனுக்கேற்ற பட்டையைச் சுற்றி அளவிடுங்கள். அப்போது பேச்சுக் கொடுக்க வேண்டாம். பேசினால் அளவு கூடும். 20 வாரத்திற்குப் பின் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால், சிறுநீரில் புரதம் பார்த்து அன்றே மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

மேல் அளவு 160ஐயோ கீழ் அளவு 110ஐயோ எட்டினாலும், தீராத தலைவலியோ கண் மங்கலோ மேல்வயிற்று வலியோ இருந்தாலும், வீட்டார் வெயில் களைப்பென்று சொன்னாலும் காத்திருக்கலாகாது. 108ஐ அழைத்து, மருத்துவர் சொற்படி வலிப்பைத் தடுக்கும் மக்னீசியம் சல்பேட் ஊசி போட்டு, இடப்பக்கமாகப் படுக்கவைத்து அனுப்புங்கள். பிரசவத்திற்குப் பிறகும் வலிப்பு வரக்கூடும் என்பதால், முதல் வாரத்தில் வீடு தேடிச் சென்று மீண்டும் அளவிடுங்கள்.